வரும் ஏழு நாட்களுக்கு மழை இல்லை

ஏப்ரல் 26, வெள்ளி

கோழி டாக்டர் போன வாரம் வந்தபோது இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மதியம் இரண்டு மணிக்கு ஷெட்டுக்குள் எத்தனை டிகிரி, எத்தனை கோழி செத்தது, எத்தனை அட்டை முட்டை வந்தது, மூன்றையும் தினமும் எழுத வேண்டும். "வேற ஏதாச்சும் கண்ணுல பட்டாலும் எழுதி வையுங்க தமயந்தி. காரணம் எதுல இருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். போன கோடையில் ஒரே நாளில் ஆயிரத்து இருநூறு கோழி போனதிலிருந்து அவருக்கும் பயம்தான்.

இன்று 38 டிகிரி. சாவு 6. முட்டை 412 அட்டை.

வெள்ளிக்கிழமை என்பதால் காலையிலேயே போனுக்கு வானிலை அறிக்கை வந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் வருவதுதான். தீவன ரூமில் இருக்கும் கரும்பலகையில் அதை எழுதிப் போடுவது என் வேலை. எழுதினேன். வரும் ஏழு நாட்களுக்கு மழை இல்லை. வானம் தெளிவாக இருக்கும். பகலில் 39 முதல் 41 வரை போகும். காற்று மிகக் குறைவு. அதற்குக் கீழே பண்ணையில் செய்ய வேண்டியவை: பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை தீவனம் போடக் கூடாது, குடிதண்ணீரில் வைட்டமின் சி கலக்க வேண்டும், ஃபாகரை நிறுத்தாமல் ஓட்டி உள்ளே தண்ணீர்ப் புகை நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கு ஷெட், மேற்கு ஷெட் இரண்டிலும் சேர்த்துப் பதினாலாயிரம் கோழி. வேலைக்கு மூன்று பேர். மாரப்பன் உள்ளூர்க்காரன், தீவனம் அரைப்பதும் லோடு ஏற்றுவதும் அவன். டம்பருவும் அவன் மனைவி ஜெமாவும் தை மாதம் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மேற்கு ஷெட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ரூமில் இருக்கிறார்கள். டம்பருவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கோழி மிரளக் கூடாது என்று ஷெட்டுக்குள் நுழையும்போதே மெல்லச் சீட்டி அடித்துக்கொண்டு போவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பண்ணை நல்லசிவம் அண்ணனுடையது. என் பெரியப்பா மகன். என் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன பிறகு கேட் பக்கத்து வீட்டைக் கொடுத்து, சூப்பர்வைசர் என்று என்னை உட்கார வைத்தவர். ஒன்பது வருஷம் ஆகிறது. என் மகள் அபிநயாவைக் கோவையில் நர்சிங் படிக்க வைப்பதும் அவர்தான். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. டாக்டருக்கு வேண்டாத சங்கதி.

ஏப்ரல் 27, சனி

39 டிகிரி. சாவு 9. முட்டை 405.

ஜெமா வந்து ரூமில் ஃபேன் ஓடவில்லை என்றாள். மோட்டார் காயில் கருகிவிட்டது போல. "அக்கா, இவருக்கு தூக்கம் இல்ல. தகரம் ராத்திரியும் சூடு" என்றாள். திங்கட்கிழமை பார்க்கிறேன் என்று சொன்னேன். இன்று செப்டிக் டேங்க் வண்டி வேறு வந்திருந்தது. ஒரு ஆள் எத்தனையைப் பார்ப்பது.

ஏப்ரல் 28, ஞாயிறு

40 டிகிரி. சாவு 17. முட்டை 396.

கோழிகள் வாயைத் திறந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு மணிக்கு உள்ளே போனால் ஒரு கொக்கரிப்பு இல்லை. பதினாலாயிரமும் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

அண்ணன் நாமக்கல்லிலிருந்து நான்கு பெரிய ஃபேன் வாங்கி வந்தார். இரண்டு ஷெட்டிலும் எலக்ட்ரீசியனை வைத்து மாட்டி முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. டம்பருதான் கூடவே நின்று தூக்கிக் கொடுத்தான். ரூம் ஃபேனுக்கு இன்று கடை லீவு.

ஏப்ரல் 29, திங்கள்

40. சாவு 21. முட்டை 390. காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

41 டிகிரி. சாவு 38. முட்டை 377.

வழக்கமாக நடு வாரத்தில் வராத அறிக்கை இன்று வந்தது. வெள்ளிக்கிழமை சொன்னதைவிட வெப்பம் கூடுமாம். வியாழனும் வெள்ளியும் 42, சில இடங்களில் 43. மின்தடை வரலாம், ஜெனரேட்டரைத் தயாராக வைக்கவும். ஷெட் கூரைக்கு வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். பக்கவாட்டில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிடவும்.

பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜெமா முட்டை அட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். கோழிக்குத் தண்ணீர், கோழிக்கு மருந்து, கூரைக்குச் சுண்ணாம்பு. எல்லாம் கேட்டுவிட்டு, "அதுல எங்களுக்கு என்ன போட்டிருக்கு அக்கா?" என்றாள்.

"இது கோழிப்பண்ணைக்கு வர்றது ஜெமா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். கோபமாகக் கேட்டாள் என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினார். "சுண்ணாம்பு மூட்டை நாளைக்கு விடியக்காலம் வந்துரும். ரெண்டு கூரையும் வியாழக்கெழம மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருக்கோணும் அம்மிணி. போன வருஷமாட்டம் இந்த வருஷமும் ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்" என்றார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

மே 1, புதன்

41 டிகிரி. சாவு 52. முட்டை 361.

டம்பரு காலை ஐந்தரைக்கே கிழக்கு ஷெட் கூரையில் ஏறினான். மாரப்பன் கீழேயிருந்து வாளி வாளியாகச் சுண்ணாம்பைக் கரைத்துக் கயிற்றில் கட்டி அனுப்பினான். ஒன்பதரைக்குள் முழுக் கூரையும் முடிந்துவிட்டது. இறங்கி வந்தபோது அவன் முகம் சுண்ணாம்பைவிட வெளுத்திருந்தது. சிரித்தான். ஜெமா கொடுத்த சோற்றை வேண்டாம் என்றுவிட்டு வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டான்.

மூன்று நாளாக அவன் வெளியில்தான் படுக்கிறான் என்று ஜெமா சொன்னாள். கொசுக்கடியில் தூக்கமில்லை. தொட்டுப் பார்த்தேன். லேசாகக் கணகணவென்று இருந்தது. என்னிடம் இருந்த பாரசிட்டமால் இரண்டு கொடுத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மே 2, வியாழன்

டம்பரு மேற்கு ஷெட் கூரையில் மயங்கிவிட்டான். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. டிகிரி பார்க்கவில்லை.

மே 3, வெள்ளி

நேற்று நடந்ததை டாக்டருக்காக எழுதி வைக்கிறேன். காலை ஐந்தரைக்கு டம்பரு மேற்கு ஷெட்டில் வேலை ஆரம்பித்தான். பாதிக் கூரை முடிந்தது. பத்து மணிக்கு இறங்கிவிட்டான். நான்தான் இறங்கச் சொன்னேன். வெயிலில் நிற்காதே என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் நான்கு ஃபேனையும் ஃபாகர் மோட்டாரையும் சேர்த்து இழுக்கவில்லை, நின்று நின்று போனது. கோழிகள் விழ ஆரம்பித்தன. நானும் மாரப்பனும் கிழக்கு ஷெட்டில் சாக்கு கட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் டம்பரு மீதி வேலையை முடிக்கலாம் என்று தானாகவே மேலே ஏறியிருக்கிறான். எங்களுக்குத் தெரியாது.

பன்னிரண்டே காலுக்கு ஜெமா கத்தினாள். மாரப்பன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கூரை ஓரத்தில் குப்புறக் கிடந்தானாம். கயிறு கட்டி இறக்கினோம். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்ட கை சுட்டது.

ஆஸ்பத்திரியில் நூற்றியேழு ஜுரம் என்றார்கள். ஐஸ் கட்டிகளை அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். சின்ன டாக்டர் பெண் ஒருத்தி, "எவ்வளவு நேரம் மேல இருந்தாரு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நேற்று கோழி 640 போயிருக்கிறது.

இன்றைய அறிக்கை: வரும் ஏழு நாட்களுக்கு மழை இல்லை. 42 முதல் 43. நாளை முதல் அக்கினி நட்சத்திரம். பலகையில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்திருக்கிறது.

சாயங்காலம் அபிநயா போன் பண்ணினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பதினோரு மணிக்கு மேல யாரும்மா அவர மேல ஏத்துனது?"

"அவனேதான் ஏறுனான்."

"ஜொரத்தோடயா?"

"நான் ஷெட்டுக்குள்ள இருந்தேன் கண்ணு."

பரீட்சை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

மே 4, சனி

காலை பதினொன்றேகாலுக்கு டம்பரு இறந்துவிட்டான். சிறுநீரகம் இரண்டும் முந்தின நாளே நின்றுபோய்விட்டதாம்.

ஜெமா அழவில்லை. வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து அவனுடைய செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். செருப்பில் சுண்ணாம்பு. துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

அண்ணன் வந்தார். என்னைத் தனியாக வாகன நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனார். கண் சிவந்திருந்தது. அவரும் தூங்கியிருக்கமாட்டார்.

"அம்மிணி, அவன் குடிப்பானா?"

"இல்லைங்கண்ணா. நான் பாத்ததில்லை."

"வடக்கத்தி ஆளுங்க குடிக்காம இருப்பாங்களா? முந்தின நாளு மே தினம், லீவு. குடிச்சிருப்பான். போதை தெளியாம தானா ஏறீருக்கறான். நாம என்ன பண்றது?"

அன்றைக்குப் பண்ணையில் யாருக்கும் லீவு இல்லை என்பது அண்ணனுக்கும் தெரியும்.

"உன்னையக் காப்பாத்தத்தான் சொல்றேன். அங்க பொறுப்புல இருந்தவ நீ. எம் பேரு அப்பறம்தான் வரும். புரியுதா?"

எஸ்.ஐ. கேட்டபோது அப்படியே சொன்னேன். முந்தின நாள் குடித்திருக்கலாம். தானாகவே ஏறினான். ஏணி மேற்கு ஷெட்டில் சாத்தியபடியே இருந்தது, எப்போது வேண்டுமானாலும் இறங்கியிருக்கலாம். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். மாரப்பன் அக்கட்டால தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதையே சொன்னான். ஜெமாவிடம் பெயரும் ஊரும் மட்டும் கேட்டார்கள்.

40 டிகிரி என்று மாரப்பன் சொன்னான். நான் பார்க்கவில்லை. 43 இருந்திருக்கும். சாவு 210.

மே 5, ஞாயிறு

43 டிகிரி. சாவு 265. முட்டை 288.

செத்த கோழிகளைப் பொறுக்க ஆளில்லை. நானும் மாரப்பனும் பொறுக்கினோம். குழி நிறைந்துவிட்டது, இன்னொன்று வெட்ட வேண்டும். மாரப்பன் என் முகத்தைப் பார்க்காமலேயே வேலை செய்தான். கடைசியில், "அக்கா, நான் ஒண்ணும் பாக்கலீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றான். நான் அவனை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்துவிட்டது. உடம்பை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஜெமா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அங்கே அவன் அம்மா இருக்கிறாள். ஐஸ் பெட்டி வைத்த ஆம்புலன்ஸ், இரண்டு நாள் ஓட வேண்டும். அண்ணன் வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். அதற்கு முன் ஒரு தாளில் அவள் கைநாட்டு வேண்டும். புருஷனுக்குக் குடிப்பழக்கம் உண்டு, யார் மேலும் புகார் இல்லை என்று அதில் இருக்கிறது.

ஜெமாவுக்கு அதைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இவரு குடிக்கல."

"தெரியும் ஜெமா. வண்டி சீக்கிரம் வரோணும்னா…"

"அக்கா. ரூமுக்கு வந்து நீதான கூப்பிட்ட?"

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

மே 6, திங்கள்

43. சாவு 190.

ஜெமாவின் ஊர்க்காரர் ஒருவர் ஈரோட்டில் மில்லில் வேலை பார்க்கிறார். அவர் யாரிடமோ புகார் சொல்லியிருக்கிறார், அதனால் புதன்கிழமை தொழிலாளர் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார்கள். அண்ணன் மதியமே வந்துவிட்டார். தீவன ரூமில் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, கரும்பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து தன் துண்டாலேயே அதை அழித்தார்.

"டாக்டரு ஒரு நோட்டு குடுத்தாராமே. அதக் குடு."

"டாக்டரே வாங்கிட்டுப் போயிட்டாருங்கண்ணா."

ஒன்பது வருஷத்தில் அண்ணனிடம் நான் சொன்ன முதல் பொய் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. "ஆபீசர் முன்னால போலீஸ்ல சொன்னதையே சொல்லு. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். அபிநயா படிப்பு இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்குதல்ல?" என்றார். மிரட்டுவது போல இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

போகும்போது திரும்பி நின்று, "வியாழக்கெழம புது ஜோடி ஒண்ணு வருது. ஜார்க்கண்ட் பக்கம். அந்த ரூமக் கூட்டி வையி. மேற்குக் கூரையில பாதி அப்படியே நிக்குது, வந்தவன் முடிச்சுருவான்" என்றார்.

மே 7, செவ்வாய்

மதியம் இரண்டு மணிக்கு ரூமைக் கூட்டப் போனேன். ஜெமா ஆஸ்பத்திரியில் பிணவறை வாசலிலேயே இருக்கிறாள், அவள் சாமான்கள் மட்டும் இருந்தன. தை மாதத்திலிருந்து நான் அந்த ரூமுக்குள் போனதில்லை. வாசலில் நின்று கூப்பிடுவதோடு சரி.

உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, மூச்சு முட்டியது. தகரம் கைக்கெட்டும் உயரத்தில். சன்னல் என்று ஒரு சதுரம், அதிலும் கோழித்தீவனச் சாக்கு. கையில் ஷெட் தெர்மாமீட்டர் இருந்தது. ஆணியில் மாட்டிவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். 47. அதற்குள் இரண்டு தடவை எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. வருவதற்கு முன் ஷெட்டில் பார்த்தது 41. அங்கே நான்கு ஃபேன் ஓடுகிறது.

மூலையில் அவன் சட்டை தொங்கியது. நாளை மறுநாள் அதே ஆணியில் இன்னொருவன் சட்டை தொங்கும். அவனையும் நான்தான் வாசலில் நின்று கூப்பிடுவேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கரண்ட் போனதும் அண்ணன் போன் பண்ணினார். பாதிக் கூரை நிற்கிறது என்றேன். "ஏன் நிக்குது?" என்று கத்தினார். நான் ரூமுக்குப் போனேன். டம்பரு வெறுந்தரையில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். எழுந்திரு, மீதியை முடித்துவிடு என்றேன். "அக்கா, தலை சுத்துது" என்றான். "அரை மணி நேரம்தான், கோழியெல்லாம் சாகுது" என்றேன். எழுந்து வந்தான். ஜெமா கிழக்கு ஷெட்டுக்குப் போகிற வழியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஏறினான். அப்போது பதினொன்று இருபத்தைந்து.

கிழக்கு ஷெட்டில் சாக்கு கட்ட ஏணி வேண்டியிருந்தது. பண்ணையில் ஒரு ஏணிதான். எடுத்து வரச் சொன்னேன். மாரப்பன், "மேல ஆள் இருக்கறானேக்கா" என்றான். பத்து நிமிஷத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்றேன். பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. சாக்கு கட்டக் கட்டக் கோழி விழுந்துகொண்டே இருந்தது, வேறு எதுவும் என் தலைக்குள் போகவில்லை. மேற்கே ஏதோ சத்தம் கேட்டது போல இருந்தது. வெயிலில் கூரை ஷீட் விரிகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 8, புதன்

அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. ஆபீசரம்மா வாங்கிக்கொண்டார்கள். இது அபிநயாவின் பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம்.

இன்று நடந்ததில் முடிந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். என் மேலும் அண்ணன் மேலும் வழக்குப் பதிவாகும் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அந்த ரூமுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்துவிட்டார்கள்; புது ஜோடியை வர வேண்டாம் என்று ஆபீசரம்மாவே ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்குப் போன் பண்ணிச் சொன்னார்கள். மூன்று மணிக்கு ஆபீசரம்மா ஏற்பாடு செய்த ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து டம்பருவையும் ஜெமாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. யார் தாளிலும் அவள் கைநாட்டு வைக்கவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மாரப்பனிடம் சொல்லி அனுப்பினார். அபிநயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "படிப்ப நான் பாத்துக்கறேன். நீ இனிமே மாத்திச் சொல்லாத" என்றாள்.

விசாரணை தீவன ரூமில்தான் நடந்தது. ஆபீசரம்மாவுக்கு ஒரு நாற்காலி. அண்ணன் மூட்டைகளுக்கு முன்னால், நான் கதவோரம், ஜெமா தரையில். ஜெமாவுக்குப் புரிய வேண்டும் என்று ஈரோட்டு ஊர்க்காரரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்கள். நாங்கள் ஒவ்வொருவரும் சொல்வதை அவர் ஒடியாவில் திருப்பிச் சொன்னார்.

முதலில் அண்ணன் பேசினார். பிறகு என்னைக் கேட்டார்கள். போலீசில் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவன் தானா…" என்பது வரை வந்தது. ஜெமா என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்துதான் உண்மை வரும் என்பது போல.

"நான்தாங்க ஏத்துனேன்" என்றேன். "தலை சுத்துதுன்னான். அரை மணி நேரம்னு சொல்லி ஏத்துனேன். அப்பறம் ஏணிய எடுத்துட்டேன்."

"தமயந்தி!" என்றார் அண்ணன்.

"நீங்க உக்காருங்க" என்று ஆபீசரம்மா அவரிடம் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மாரப்பன் வாசலில் நின்றிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டதும், "ஆமாங்க, நான்தான் ஏணியத் தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

போனில் இருந்தவர் ஏணி வரைக்கும் ஒடியாவில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் நின்றுவிட்டார். மில் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "சொல்லுங்க" என்றார்கள் ஆபீசரம்மா. சொன்னார்.

நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை அவர்கள் சத்தமாகப் படித்தார்கள். கூரை ஷீட் விரிகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன் என்பது வரை வந்தது. அதையும் அவர் திருப்பிச் சொன்னார்.

அப்போதுதான் ஜெமா முதல்முறையாகப் பேசினாள். போனைப் பார்த்து, மெதுவாக, மூன்றே வரி.

"என்னங்க சொல்றாங்க?" என்றார்கள் ஆபீசரம்மா.

"ஷீட் சத்தம் அவங்களுக்கும் தெரியும்ங்கறாங்க" என்றார் ஊர்க்காரர். "நாலு மாசமா அதுக்குக் கீழதான படுத்திருந்தோம்ங்கறாங்க. அவரு எத்தன தடவ கூப்பிட்டாருன்னு கேக்கறாங்க."

ஆபீசரம்மா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். ஜெமாவும் பார்த்தாள்.

"மூணு தடவ" என்றேன். "அக்கான்னு."